பிடிஎஃப்பில் லோகோ வரவில்லையா? சர்வரில் எங்கே தேடுவது

ஓஎம்ஆர் ஆபீஸில் உட்கார்ந்து செய்த பில் டெம்ப்ளேட், லேப்டாப்பில் பளிச்சென்று வருகிறது. அதையே சர்வரில் ஏற்றி பிடிஎஃப் எடுத்தால், தி.நகர் ஜவுளிக்கடையின் எஸ்விஜி (பிக்சலாக இல்லாமல் வெக்டராக, அதாவது கோட்டு வடிவமாக, வரைந்த படக் கோப்பு) லோகோ இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது, முகவரி கட்டம் கட்டமாக வருகிறது. உடனே கோடில் கை வைக்காதீர்கள். படம் வரவே இல்லையா, எழுத்து மட்டும் போச்சா, மங்கலாக வருகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்; மூன்றுக்கும் காரணம் வேறு.

படமே வரவில்லையா? எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்து முதல் டேக்கைப் பாருங்கள். எக்ஸ்எம்எல்என்எஸ் (இது எஸ்விஜிதான் என்று சொல்லும் அடையாளக் குறிப்பு) இருக்கிறதா? எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எஸ்விஜியை ஒட்டியிருந்தால் அது இல்லாமலும் ஓடும், தனிக் கோப்பாக இமேஜ் டேக்கில் கொடுத்தால் ஓடாது. வியூபாக்ஸ் (படத்தின் எல்லை அளவு), அகலம், உயரம் மூன்றையும் எழுதிவிடுங்கள். எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்கும் டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: 0.12.6 பதிப்பிலிருந்து சர்வரிலுள்ள கோப்புகளைப் படிக்க அது தானாக அனுமதிக்காது, தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். அதைவிட லோகோவை பேஸ்64 (கோப்பையே எழுத்துச் சரமாக மாற்றும் முறை) ஆக்கி டெம்ப்ளேட்டுக்குள்ளேயே வைப்பது பாதுகாப்பு. அந்தக் கருவியின் வளர்ச்சியும் நின்றுவிட்டது, புதிதாக ஆரம்பிப்பவர்கள் திரையில்லாமல் பின்னணியில் ஓடும் ஹெட்லெஸ் குரோமுக்கே போய்விடலாம்.

அடுத்து எழுத்து. சர்வரில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கமாண்டை ஓட்டி, தமிழ் எழுத்துரு ஒன்றாவது வருகிறதா பாருங்கள். டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) அல்பைன் மாதிரி சின்ன லினக்ஸ் இமேஜ் எடுத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. நோட்டோ தமிழோ லோஹித் தமிழோ நிறுவி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஓட்டிவிட்டு மறுபடி எடுங்கள், கட்டம் போய்விடும். கட்டம் போயும் ‘சென்னை’யில் கொம்பு சகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கினால், அது எழுத்துருவின் குற்றம் இல்லை, பிடிஎஃப் எழுதும் லைப்ரரிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்தைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி உள்ள கருவிக்கு மாறுங்கள். லோகோவுக்குள் இருக்கும் எழுத்துக்கு வேறு வழி: இமேஜ் டேக்கில் வரும் எஸ்விஜி வெளியிலிருந்து வெப்ஃபான்ட்டை இழுக்காது, ஆகவே வெக்டர் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் எழுத்தைப் பாத்தாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிச் சேமியுங்கள். சின்ன வேலைதான், ஆனால் அந்த லோகோவுக்கு அப்புறம் எந்த சர்வரிலும் எழுத்துரு தேவைப்படாது.

மங்கல்தான் பிரச்சினை என்றால், பிடிஎஃப்பிலுள்ள பிக்சல் படங்களைக் காட்டும், பாப்ளர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்இமேஜஸ் கமாண்டை லிஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். லோகோ அந்தப் பட்டியலில் வந்தால், வெக்டர் எங்கோ பிக்சலாகிவிட்டது. நிழல், பிளர் போன்ற ஃபில்டர்கள்தான் பெரும்பாலும் காரணம். எடுத்துவிட்டுப் பாருங்கள், பில்லுக்கு நிழல் எதற்கு? அப்படியும் மாறவில்லையா, கோப்புக்குள் இமேஜ் என்ற டேக்கைத் தேடுங்கள். டிசைனர் அனுப்பிய எஸ்விஜிக்குள்ளேயே ஒரு பிஎன்ஜி ஒளிந்திருக்கும். சர்வர் பாவம், அதைத் திட்டிப் பயனில்லை. டிசைனரிடம் வெக்டரில் வரைந்த அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.