டோஸ்டாடா ஏன் நமத்துப் போகிறது? வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ வீடுகளில் டோஸ்டாடா என்பது மீந்துபோன டோர்ட்டியாவை, அதாவது மக்காச்சோளத்தில் செய்யும் மெல்லிய ரொட்டியை, தீர்க்கும் வழி. நேற்றுச் சுட்ட டோர்ட்டியா இன்று விறைத்துப் போயிருக்கும். அதை எண்ணெயில் பொரித்து, மேலே மசித்த பீன்ஸ் (ராஜ்மா போன்ற காய்ந்த பயறு), கறி, லெட்டூஸ், க்ரேமா (புளிப்பேறிய பாலேடு), சல்சா (தக்காளி, மிளகாய்த் துவையல்) என்று அடுக்கிக் கையால் எடுத்துக் கடித்துச் சாப்பிடுவார்கள். பழைய டோர்ட்டியாவுக்கென்று பிறந்த பண்டத்தைச் சுடச்சுடப் புதிய டோர்ட்டியாவில் செய்யப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மேலே வைக்கும் சல்சாவைக் குறை சொல்கிறோம். ஆனால் ஈரம் அதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் மாவு. இந்தியக் கடைகளில் கார்ன் ஃப்ளார் என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க உதவும், டோர்ட்டியாவுக்கு உதவாது. சரி, மஞ்சள் மக்காச்சோள மாவு? அதுவும் சரிப்படாது, தட்டும்போதே ஓரம் வெடித்து உதிரும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கழற்றுவதோடு, மாவுக்கு ஒட்டும் தன்மையையும் கொடுக்கிறது. சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் (வைட்டமின் B3) உடலுக்குக் கிடைப்பதும் இதனால்தான். இப்படித் தயாரான மாவைக் காயவைத்துப் பொடித்தது மாசா ஹரினா. வாங்குவதானால் பொட்டலத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கப் மாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை கப் வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைத்தால் தட்டுவது எளிது.

சூப்பர் மார்க்கெட்டில் ராப் செய்வதற்கென்று விற்கும் டோர்ட்டியா பெரும்பாலும் மைதாவோ கோதுமையோதான். எண்ணெயில் போட்டதும் பூரியாக உப்பும். உள்ளே எண்ணெய் தங்கும். ருசி மோசமில்லை, ஆனால் அது டோஸ்டாடா இல்லை.

சோள டோர்ட்டியா கையில் இருந்தால், பொரிப்பதற்கு முன் காயவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், கம்பித்தட்டில் பரப்பி ஓர் இரவு வைத்தால் போதும். அவசரமென்றால் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் மிதமான தீயில் இரண்டு பக்கமும் வாட்டி எடுக்கலாம். முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிடுவதும் நல்லது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் தோல் தனியே பிரிந்து எழும்பிக்கொள்ளும், மேலே எதையும் வைக்க முடியாது.

அப்புறம் எண்ணெய். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு இருந்தால் போதும். சூடு 175 முதல் 190 டிகிரி செல்சியஸ். சூடு குறைந்தால் டோர்ட்டியா எண்ணெய் குடிக்கும். கூடினால் ஓரம் கருகும், நடுப்பகுதி சவசவ என்று நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடுவது இன்னொரு தொல்லை; ஒவ்வொன்றாகப் போட்டு, இடுக்கியால் நடுவை அழுத்திப் பிடியுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது உத்தேசக் கணக்குதான். நிறத்தைவிடக் குமிழியை நம்புங்கள்: குமிழிகள் அடங்கி எண்ணெயின் சத்தம் ஓய்ந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். எடுத்தவுடன் உப்புத் தூவுங்கள்; ஆறிய பிறகு ஒட்டாது. சூடான டோஸ்டாடாக்களைக் காகிதத்தின் மேல் அடுக்கிவைத்தால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று நமத்துவிடும். செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துங்கள்.

எண்ணெயில் பொரிக்க வேண்டாமென்றால் இரண்டு பக்கமும் லேசாக எண்ணெய் தடவி, 200 டிகிரி ஓவனில் 10 முதல் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு. மைக்ரோவேவை விட்டுவிடுங்கள்.

இனி மேலே வைப்பவை. முதலில் மசித்துப் பொரித்த பீன்ஸ், மெல்லிய பூச்சாக. இது வெறும் ருசிக்கு மட்டுமல்ல: மேலுள்ளவற்றை ஒட்டிப் பிடிக்கிறது, அவற்றின் சாறு அடித்தட்டில் இறங்காமலும் தாமதப்படுத்துகிறது. அதனால் பீன்ஸ் கெட்டியாக இருக்க வேண்டும். டப்பா பீன்ஸை நீரோடு அப்படியே மசித்தால் நோக்கமே கெட்டது. பிண்டோ பீன்ஸ் கிடைக்காவிட்டால் ராஜ்மா போதும், இரண்டும் ஒரே தாவர இனம். ராஜ்மாவை ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து வேகவைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் கவலையில்லை. ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அதிலுள்ள நச்சுப் புரதம் முழுதாக அழியாது.

கோழிக்கு டிங்கா செய்வதாக இருந்தால், தக்காளியும் வெங்காயமும் சிபோட்லே மிளகாயும் சேர்ந்த அந்தக் குழம்பு வற்றி, பிய்த்த கறியில் ஒட்டிக்கொள்ளும்வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். சிபோட்லே என்பது பழுத்த ஹலபேன்யோவைப் புகையில் காயவைத்தது. வெறும் மிளகாய்த்தூள் காரம் தரும், அந்தப் புகைமணத்தைத் தராது. சல்சாவுக்குத் தக்காளியின் விதைப்பகுதியை நீக்குங்கள். லெட்டூஸைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். க்ரேமாவுக்குப் பதில் தயிர் விடுவதென்றால் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த தயிராக இருக்கட்டும்.

சீஸில் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை: மஞ்சள் செடாரைத் துருவிப்போட்டு ஓவனில் உருக்குவது. அது எல்லைக்கு வடக்கே அமெரிக்கப் பக்கத்துப் பாணி. மெக்சிகோவில் கேசோ ஃப்ரெஸ்கோ என்ற புதுப் பாலாடைக்கட்டியைக் கையால் உதிர்த்துத் தூவுவார்கள், அது உருகாது. அதற்கு ஓரளவு நெருங்கியது பனீர்தான், உப்பு மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில், சினலோவாவிலும் பாஹா கலிஃபோர்னியாவிலும், செவிச்சே டோஸ்டாடாதான் பிரபலம்: எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன். எலுமிச்சை மீனின் நிறத்தை மாற்றும், ஆனால் ஒட்டுண்ணிகளையும் கிருமிகளையும் கொன்றுவிடும் என்று நம்பக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைப்பது ஒட்டுண்ணிகளுக்கான வழக்கமான விதி. வீட்டு ஃப்ரீசர் பல நேரம் அந்தக் குளிரை எட்டாது. கிருமிகளை உறைநிலையும் ஒழிக்காது. மீனைப் பற்றிச் சந்தேகமிருந்தால் இறாலை வேகவைத்து ஆறவிட்டுச் செய்யுங்கள். எதுவானாலும் சாற்றை வடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, அளவாக வையுங்கள். குவித்துவைத்தால் முதல் கடியிலேயே நொறுங்கி மடியில் விழும். விருந்தென்றால் முன்கூட்டி அடுக்கி வைக்காதீர்கள். எல்லாவற்றையும் கிண்ணங்களில் வைத்துவிட்டால், அவரவர் தட்டில் அவரவரே அடுக்கி உடனே சாப்பிடட்டும். மிஞ்சிய வெறும் டோஸ்டாடாக்களை முழுக்க ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் சில நாள் தாங்கும். லேசாக நமத்தால் 180 டிகிரி ஓவனில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும். சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள்.