கோமாளிக்கு மணித்தொப்பி மாட்டும் முன்

ஐரோப்பிய அரசவைக் கோமாளி என்றதும் மூன்று கொம்பு வைத்த தொப்பி, நுனிக்கு ஒரு மணி என்று வரைந்துவிடுகிறோம். சிறுவர் நாடகத்துக்கு அது போதும். வரலாற்றுக் கதைக்குப் படம் போடுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

முதல் தவறு, எல்லாக் கோமாளிகளும் அதை மாட்டிக்கொண்டே திரிந்தார்கள் என்று நினைப்பது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் கோமாளி வில் சாமர்ஸுக்காக 1535-ல் எழுதப்பட்ட அரண்மனைக் கணக்கில் இருப்பது சிவப்பு விளிம்பு வைத்த பச்சைத் துணிக் கோட்டும் தொப்பியும்தான். ஸ்பெயினில் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த அரசவைக் கோமாளி பாப்லோ தே வல்லதோலித் கருப்பு உடையில், வெறுந்தலையோடு நிற்கிறார்.

சரி, பிறகு இந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஓவியர்களிடமிருந்துதான். ‘தேவன் இல்லை’ என்று மதிகேடன் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்வதாக பைபிளில் சங்கீதம் எனப்படும் துதிப்பாடல்களில் ஒரு வரி வரும். இடைக்காலச் சங்கீதப் புத்தகங்களில் அந்தப் பாடலின் பெரிதாக அலங்கரித்த முதல் எழுத்துக்குள் மதிகேடனை வரைவது வழக்கம். ஆரம்பத்தில் அவன் கையில் தடியோடு அரைநிர்வாணமாக இருப்பான். கழுதைக் காதும் மணியும் வைத்த முக்காடு பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே அதை வெறும் சிரிப்புச் சின்னமாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. கடவுளை மறந்த மூடத்தனத்தின் அடையாளம் அது. 1494-ல் பாசெல் நகரில் அச்சான ‘முட்டாள்களின் கப்பல்’ என்ற நூலின் மரச்செதுக்குப் படங்களிலும் அறிஞனுக்கும் பணக்காரனுக்கும் அதே காதுகள்தான். குத்தல் யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வடிவம். பழைய படங்களில் அது தோள்வரை மூடும் முக்காடு. பக்கத்துக்கு ஒரு கழுதைக் காது, சிலவற்றில் உச்சியில் சேவல் கொண்டை. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் கோமாளி தன் கொண்டைத் தொப்பியை மன்னனுக்கே நீட்டுவது நல்ல உதாரணம்: நாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்தவனுக்கு இனி அதுதான் பொருத்தம் என்கிறான். காதையும் கொண்டையையும் கொம்பாக வரைந்தால் இந்தக் கேலி போய்விடும்.

மணிகளும் கோமாளிகளுக்கே உரியவை அல்ல. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மன் பிரபுக்களே உடையில் மணி தொங்கவிட்டார்கள். அந்த நாகரிகம் பழசான பிறகும் கோமாளியிடம் மணி தங்கிவிட்டது.

ஓவியர் மாதேய்கோ 1862-ல் வரைந்த போலந்துக் கோமாளி ஸ்தாஞ்சிக் ஓவியம் அற்புதமானது. ஆனால் ஸ்தாஞ்சிக் வாழ்ந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த படம் அது. அதை வைத்து உடையை முடிவு செய்யாதீர்கள்.