சூப்பர்ஹீரோ சீரிஸ் ரேங்கிங்: குழுவாகச் சேர்ந்து நியாயமான லிஸ்ட் போடுவது எப்படி

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சூப்பர்ஹீரோ சீரிஸ்களுக்கு ரேங்க் போட உட்கார்ந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆளாளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். ஒருவர் சராசரி எடுப்பார். எல்லோரும் பார்த்த 'லோக்கி' மேலே போய் உட்காரும், நாலைந்து பேர் மட்டும் பார்த்த 'டூம் பெட்ரோல்' அடியில் கிடக்கும். அப்புறம் இரண்டு நாளைக்குச் சண்டை. இந்தச் சண்டைக்கு ரசனை வேறுபாட்டைவிட வாக்கெடுத்த முறைதான் பெரிய காரணம். எதை எதோடு ஒப்பிடுகிறோம், யார் ஒப்பிடலாம், எப்போது வாதாடலாம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டால், தோற்ற பக்கம்கூட அந்த லிஸ்ட்டை ஏற்றுக்கொள்ளும்.

லிஸ்ட்டில் எது வரும்

முழு சீரிஸை ஒரே பெயராகப் போடாதீர்கள். சீசன் சீசனாகப் பிரியுங்கள். 'ஜெஸிக்கா ஜோன்ஸ்' என்றால் ஒருவர் மனதில் 2015-இல் வந்த, கில்கிரேவ் வில்லனாக வரும் முதல் சீசன் ஓடும். இன்னொருவர் 2018-இன் இரண்டாம் சீசனை நினைத்துக்கொண்டு குறைவாகப் போடுவார். இருவரும் வேறு வேறு பொருளுக்கு வாக்களிக்கிறார்கள். 'டேர்டெவில்' விஷயத்திலும் இதே சிக்கல்தான். நெட்ஃப்ளிக்ஸில் 2015, 2016, 2018 என மூன்று சீசன், ஒவ்வொன்றும் 13 எபிசோடு. அதன் பிறகு 2025-இல் டிஸ்னி பிளஸ்ஸில் 'பார்ன் அகெய்ன்' முதல் சீசன், 9 எபிசோடு. பார்ன் அகெய்னைப் பழையதன் தொடர்ச்சி என்பதா, புதுசு என்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை, சீசனாகப் பிரித்தால் அந்தக் கேள்வியே எழாது. பாதிப் படப்பிடிப்பில் நிறுத்தி, ஆட்களை மாற்றி, முதல் எபிசோடையும் கடைசி இரண்டையும் புதிய அணி எடுத்துச் சேர்த்த சீசன் அது. அந்த ஒட்டு தெரிகிறதா இல்லையா என்பதே தனியாக வாதாட வேண்டிய விஷயம்.

எண்ணிக்கை 12-இலிருந்து 16-க்குள் இருக்கட்டும். இரண்டிரண்டாக ஒப்பிடும்போது 12 சீசனுக்கு 66 ஜோடி, 16-க்கு 120 ஜோடி, 20-க்குப் போனால் 190. அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது.

ஏபிசி சேனலில் 7 சீசன், 136 எபிசோடு ஓடிய 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு' மாதிரியானவற்றை ஓடிடி லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள். வருஷத்துக்கு 22 எபிசோடு என்று எழுதப்படும் கதையின் நடையே வேறு. எச்பிஓ சேனலிலும் ஓடிடியிலும் சேர்ந்தே வந்த 'வாட்ச்மென்' (2019, 9 எபிசோடு), 'தி பெங்குவின்' (2024, 8 எபிசோடு) ஆகியவற்றைச் சேர்க்கலாம். அளவும் அமைப்பும் ஓடிடி சீரிஸ்களோடு ஒத்துப்போகின்றன. பெங்குவின் ஹீரோவே இல்லையே என்று யாராவது கேட்பார்கள். சூப்பர்ஹீரோ உலகத்துக் கதை என்றால் போதும்.

அனிமேஷனைத் தனி லிஸ்ட்டாக ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். 'எக்ஸ்-மென் 97' ஐந்தாவது எபிசோடில் ஜெனோஷா என்ற தீவு நாட்டில் நடக்கும் கோரத்தைப் பார்த்தவர் யாரும் அதைக் குழந்தைகள் வரிசையில் வைக்கமாட்டார். 'இன்வின்சிபிள்' இரண்டாம் சீசன் 2023 நவம்பரில் நான்கு, 2024 மார்ச்-ஏப்ரலில் நான்கு எபிசோடு என உடைந்து வந்தது. அதை ஒரே சீசனாகவே எண்ணுங்கள்.

முடிந்த கையோடு வாக்கெடுக்காதீர்கள்

கடைசி எபிசோடு வந்து எட்டு வாரமாவது ஆகட்டும். 'வாண்டாவிஷன்' 2021 ஜனவரி 15 தொடங்கி மார்ச் 5 வரை வந்தது. வாராவாரம் ரசிகர்கள் காமிக்ஸ் வில்லன் மெஃபிஸ்டோ வருவான், இன்னார் வருவார் என்று ஊகம் கட்டினார்கள். கடைசி எபிசோடு வந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே மார்க் போட்டவர்களில் பலர் தங்கள் ஊகம் பலிக்காத கோபத்துக்கு மார்க் போட்டார்கள். பிறகு ஒன்பது எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்தால், அது ஆரம்பத்திலிருந்தே துக்கத்தைப் பற்றிய கதையாகத்தான் போகிறது என்பது தெரியும்.

சீரிஸுக்கு வெளியே இருப்பதை வாக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் எழுதி வையுங்கள். 'தி பாய்ஸ்' முதல் சீசனின் எட்டு எபிசோடும் 2019 ஜூலை 26 அன்று ஒரே நாளில் வந்தன. இரண்டாம் சீசனில் 2020 செப்டம்பர் 4 அன்று மூன்று, பிறகு வாரம் ஒன்று என்று மாற்றினார்கள். அந்தக் கோபத்தில் அமேசானில் ஒற்றை ஸ்டார் மழையாகக் கொட்டியது. கதையைப் பற்றி அந்த ஸ்டார்களில் ஒன்றுமே இல்லை. வெளியீட்டு முறை, சந்தா விலை, நடிகர் பேட்டி, டிரெய்லர் எல்லாம் வெளியே. ஆனால் 'சீக்ரெட் இன்வேஷன்' டைட்டில் காட்சியை ஏஐ கொண்டு செய்தது வேறு வகை: அது திரையில், படைப்புக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் குறை சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம்.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தை யாராவது ஆதாரமாகக் கொண்டுவந்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: அது எத்தனை விமர்சகர்கள் 'நன்று' என்றார்கள் என்ற பங்கு மட்டும்தான். எவ்வளவு நன்று என்பது அதில் தெரியாது. எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன சீரிஸும் 90-ஐத் தாண்டும்.

பார்த்தவர் பட்டியல்

ஒரு கூகுள் ஷீட்டில் வரிசையில் ஆட்கள், மேலே சீசன்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: முழுதும் பார்த்தேன், பாதியில் விட்டேன், பார்க்கவில்லை. முழுதும் பார்த்தவர் மட்டுமே அந்த சீசனுக்கு ரேங்க் போடலாம். பாதியில் விட்டவர்களின் எண்ணிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், சமநிலை வரும்போது அது உதவும்.

தமிழ் டப்பிங்கில் பார்த்தாரா, ஆங்கிலத்தில் பார்த்தாரா என்பதற்கும் ஒரு குறி வேண்டும். வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ 'டேர்டெவில்' வில்லன் ஃபிஸ்க்காக மூச்சை இழுத்து இழுத்து, சொல் சிக்கியதுபோலப் பேசுவதில்தான் பாதி நடிப்பு இருக்கிறது. காலின் ஃபாரல் பெங்குவினாக முகம் முழுக்க மேக்கப்புக்குள் ஒளிந்துகொண்டு குரலால்தான் ஆளை உருவாக்குகிறார். டப்பிங்கில் பார்த்தவருக்குக் கிடைத்தது இன்னொருவரின் குரல். நடிப்பைப் பற்றிச் சண்டை முற்றும்போது இந்தக் குறியைப் பார்த்தால் பல சமயம் காரணம் அங்கேயே இருக்கும்.

கேள்வி ஒன்றே

எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். 'எதைத் திரும்பப் பார்ப்பாய்?' என்று கேட்டால் 'ஹாக்ஐ' மேலே வரும்: கிறிஸ்துமஸ் நேரத்து நியூயார்க், ஆறே எபிசோடு, மனதை அழுத்தாத கதை. வாட்ச்மென் முதல் எபிசோடே 1921-இல் அமெரிக்காவின் டல்ஸா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையில் தொடங்குகிறது. அதை எடுத்த எடுப்பில் திரும்பப் போட யாருக்கும் கை வராது. 'எடுத்துக்கொண்ட காரியத்தை எது முழுமையாகச் செய்தது?' என்று கேட்டால் அதே ஆட்கள் வாட்ச்மென்னை மேலே வைப்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான், ஆனால் ஒரே லிஸ்ட்டில் கலக்க முடியாது. இரண்டாவது கேள்வியே நல்ல லிஸ்ட் தரும் என்பது எங்கள் கருத்து.

கதைக்கு 10, நடிப்புக்கு 10, கிராஃபிக்ஸுக்கு 10 என்று பிரித்துக் கூட்டும் முறை கணக்காகத் தெரியும், ஆனால் உதவாது. 'ஷீ-ஹல்க்' கிராஃபிக்ஸில் இழக்கும் மூன்று மார்க்கும், ஒரு சீசன் கதையில் இழக்கும் மூன்று மார்க்கும் சமமா? அந்தத் தலைப்புகள் பேசுவதற்கு மட்டும் பயன்படட்டும்.

ஆளுக்கொரு லிஸ்ட்

மார்க்கே வேண்டாம், ரேங்க் மட்டும் போதும். ஒருவர் எல்லாவற்றுக்கும் 9, 9.5 என்று வாரி வழங்குவார். இன்னொருவரின் உச்சமே 7, பிடிக்காததற்கு 2. சராசரியில் இரண்டாமவரின் ஒரு வாக்கு முதலாமவரின் வாக்கைப்போல் பல மடங்கு இழுக்கும்.

16 சீசனை ஒரே பார்வையில் வரிசைப்படுத்த யாராலும் முடியாது. ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டே போங்கள். முதல் சீசனை வையுங்கள். அடுத்ததை எடுத்து, இதுவரை அடுக்கிய வரிசையின் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மேல் என்றால் மேல்பாதியின் நடுவோடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. இடம் கிடைக்கும்வரை இப்படியே. 120 ஜோடியையும் பார்ப்பதற்குப் பதில் அதிகபட்சம் 49 ஒப்பீட்டில் முடிந்துவிடும். அரை மணி நேர வேலை.

இந்த லிஸ்ட்டை யாருக்கும் காட்டாமல் கூகுள் ஃபார்மில் போட வேண்டும். பேச்சு பிறகுதான். முதலில் சத்தமாகப் பேசுகிறவர் 'டேர்டெவில் மூணாவது சீசனுக்கு மேல எதுவும் கிடையாது' என்று சொல்லிவிட்டால், பாதிப் பேர் தெரியாமலே அங்கே சாய்ந்துவிடுவார்கள்.

கூட்டும் முறை

இங்கேதான் பெரும்பாலான லிஸ்ட்கள் கெட்டுப்போகின்றன. வழக்கமான வழி: முதலிடத்துக்கு 10, அடுத்ததற்கு 9 என்று புள்ளி கொடுத்துக் கூட்டுவது. 12 பேர் குழு, 10 சீசன் என்று வையுங்கள். லோக்கி முதல் சீசனை 12 பேரும் பார்த்து, எல்லோரும் ஐந்தாம் இடம் கொடுத்தால் 12 × 6 = 72. டூம் பெட்ரோல் முதல் சீசனை ஐந்தே பேர் பார்த்து, ஐவருமே முதலிடம் கொடுத்தாலும் 50-தான். இரண்டையும் பார்த்த ஐவரில் ஒருவர்கூட லோக்கி மேல் என்று சொல்லவில்லை, ஆனாலும் லோக்கி ஜெயிக்கிறது. கணக்கு அளந்தது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை.

அதனால் ஜோடி ஜோடியாக எண்ணுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும், இரண்டையும் முழுதாகப் பார்த்தவர்களின் வாக்கு மட்டும். அதிகம் பேர் எதை மேலே வைத்தார்களோ அதற்கு 1, சமம் என்றால் இரண்டு சீசனுக்கும் அரை அரை. எல்லா ஜோடியையும் கூட்டினால் வரிசை வந்துவிடும். ஷீட்டில் சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஃபார்முலா போட்டு இதைச் செய்யலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: வெற்றுக் கட்டத்தை ஷீட் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் ஒன்றைவிடச் சிறியது என்பதால், பார்க்காத சீசன் எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். இரண்டு கட்டமும் காலியாக இல்லை என்ற நிபந்தனையையும் ஃபார்முலாவில் சேர்த்தே ஆக வேண்டும். யாருமே பார்க்காத ஏதோ ஒன்று முதலிடத்தில் வந்தால் இதைத்தான் முதலில் சரிபாருங்கள்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. டூம் பெட்ரோலின் 15 எபிசோடையும் தாக்குப்பிடித்தவர்கள் அந்த மாதிரிக் கிறுக்குத்தனத்தை ஏற்கெனவே விரும்புகிறவர்கள். ஆகவே ஒரு குறைந்தபட்ச வரம்பு வையுங்கள்: ஐந்து பேர், அல்லது குழுவில் மூன்றில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது. அதற்குக் கீழே இருப்பவை 'இன்னும் நிறையப் பேர் பார்க்க வேண்டியவை' என்று தனியாக, ரேங்க் இல்லாமல்.

சில சமயம் வட்டமாகச் சுற்றும். மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு டேர்டெவில், வாண்டாவிஷன், பாய்ஸ் என்ற வரிசை. அடுத்தவருக்கு வாண்டாவிஷன், பாய்ஸ், டேர்டெவில். மூன்றாமவருக்கு பாய்ஸ், டேர்டெவில், வாண்டாவிஷன். டேர்டெவில் வாண்டாவிஷனை 2-1 என்று ஜெயிக்கும், வாண்டாவிஷன் பாய்ஸை, பாய்ஸ் டேர்டெவிலை, எல்லாமே 2-1. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் கோண்டோர்செ காட்டிய சிக்கல் இது, உங்கள் ஷீட்டில் தவறில்லை. வித்தியாசம் குறைவாக இருக்கும் ஜோடியின் முடிவைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் சமம் என்றால் பாதியில் விட்டவர் குறைவாக உள்ளது மேலே. அதிலும் சமமா, ஒரே இடத்தைப் பகிர்ந்து கொடுங்கள்.

இப்போது வாதாடலாம்

எல்லா சீசனையும் பற்றிப் பேசாதீர்கள். யார் யார் எந்த இடம் கொடுத்தார்கள் என்று பார்த்து, கருத்து அதிகம் சிதறியிருக்கும் மூன்று நான்கை மட்டும் எடுங்கள். ஒருவர் 2, இன்னொருவர் 14 கொடுத்திருந்தால் அங்கே பேச விஷயம் இருக்கிறது. மிக மேலே வைத்தவர் முதலில், மிகக் கீழே வைத்தவர் அடுத்து, ஆளுக்கு மூன்று நிமிடம், மறுப்பு ஒரு தடவை. அந்த சீசனைப் பார்க்காதவர்கள் ஸ்பாய்லருக்குப் பயந்தால் அந்த நேரம் வெளியே போய்விடட்டும்.

சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சீசன், எபிசோடு, காட்சி மூன்றும் வேண்டும். 'டேர்டெவில் ஃபைட் வேற லெவல்' என்பது வாதமாகாது. வாதம் இப்படி இருக்கும்: முதல் சீசன், இரண்டாம் எபிசோடின் முடிவு. குறுகிய காரிடார், கடைசி அறையில் கடத்தப்பட்ட சிறுவன். ஒரே ஷாட்டாகத் தெரியும்படி கேமரா அந்த நடைவழியிலேயே முன்னும் பின்னும் நகர்கிறது. சில அடிகள் அறைக்குள் விழுகின்றன, நமக்குச் சத்தம் மட்டும்தான். நாயகன் மேட் ஏற்கெனவே அடிபட்டவன். நடுவில் சுவரில் சாய்கிறான், மூச்சு வாங்குகிறான். விழுந்தவர்கள் திரும்ப எழுந்து வருகிறார்கள். அவன் களைப்பு தெரிவதால் ஒவ்வொரு குத்துக்கும் விலை இருக்கிறது. 'அயர்ன் ஃபிஸ்ட்' முதல் சீசனில் நாயகன்தான் உலகிலேயே பெரிய குங்ஃபூ வீரன் என்கிறார்கள், ஆனால் சண்டையில் அடிக்கு ஒரு கட் வருவதால் யார் எங்கே நிற்கிறார் என்பதே பிடிபடாது. இப்படிச் சொன்னால் எதிர்த்தரப்பு அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.

'லூக் கேஜ்' முதல் சீசன் நல்ல உதாரணம். 13 எபிசோடில் ஏழாவதோடு முக்கிய வில்லன் மாறிவிடுகிறார். உயர்வாக வைத்தவர்கள் முதல் பாதியையும் கதை நடக்கும் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியையும் இசையையும் பற்றிப் பேசுவார்கள், தாழ்வாக வைத்தவர்கள் இரண்டாம் பாதியைப் பற்றி. சிதறலின் காரணம் வெளிப்பட்டதும் பலர் தங்கள் இடத்தை ஓரிரண்டு படி நகர்த்துவார்கள்.

மூன்று வகைப் பேச்சை, விவாதத்தை நடத்துபவர் உடனே நிறுத்த வேண்டும். யார் யாரை அடித்து வீழ்த்துவார் என்பது. காமிக்ஸில் இப்படி இல்லையே என்பது. மாற்றம் கதையைக் கெடுத்தது என்று காட்டினால் மட்டும் அனுமதிக்கலாம். முந்தைய சூப்பர்ஹீரோ படங்களைப் பார்க்காதவனுக்குப் புரியாது என்பது மூன்றாவது. இதற்குச் சோதனை, சீரிஸே தேவையானதைத் தருகிறதா என்பதுதான். லோக்கி முதல் எபிசோடிலேயே அவனுடைய கடந்தகாலத்தையும் வரப்போகும் முடிவையும் அவனுக்கே திரையிட்டுக் காட்டுகிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அதுவே போதும், காட்சியாகவும் அது வலுவானது.

பேசி முடித்து ஒரு நாள் கழித்து இரண்டாம் வாக்கு, மறுபடியும் ரகசியமாக. லிஸ்ட்டை வெளியிடும்போது இரண்டு வாக்கின் இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணோடு. முதலிரண்டு இடங்களுக்கு நடுவே ஒரே ஒரு வாக்குதான் வித்தியாசம் என்றால் அதையும் எழுதுங்கள்.

புதிய சீசன் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டாம். எட்டு வாரம் கழித்து, பார்த்தவர்கள் தங்கள் பழைய லிஸ்ட்டில் அதை மட்டும் நுழைக்கட்டும். 15 பெயர் உள்ள வரிசையில் இடம் தேட நான்கு ஒப்பீடு போதும். ஷீட் மீதியைக் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.