கறண்ட் போனா ஃபான் நிக்குமே, அப்பிடி நிக்கோணும்: பிளெண்டர்ல சுத்துற சாமான் செய்யிறது

அக்காவின்ர பெடியன் இரணைமடுக் குளக்கட்டால சைக்கிள் போற மாதிரி, பிளெண்டர் எண்ட 3டி சொஃப்ட்வெயரில ஒரு அனிமேஷன் செய்துகொண்டு வந்து காட்டினான். மொடல் சும்மா சொல்லக்கூடாது, கரியர், பெல், டைனமோ எண்டு எல்லாம் வடிவாக் கிடக்கு, ஆனா சில்லைப் பாத்தா எண்ணெயில சறுக்கிற மாதிரி, அதோட ஒவ்வொரு சுத்து முடியேக்கையும் ஒருக்காத் தயங்கித் தயங்கிப் போகுது. அவனுக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் இதில எழுதுறன்.

முதல்ல ஒரிஜின், அதாவது ஒரு சாமான் எதைச் சுத்திச் சுத்துமோ அந்தப் புள்ளி. சில்லு குடத்தைச் சுத்தித்தான் சுத்தோணும், ஆனா ஒரிஜின் டூ ஜியோமெட்ரி குடுத்தா வால்வுக்கட்டை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறதாலயே நடு கொஞ்சம் விலகீடும், பிறகு சில்லு நொண்டும். எடிட் மோட்ல குடத்தின்ர வட்டத்தை மட்டும் செலக்ட் பண்ணி, 3டி கேர்சரை (மவுஸ் இல்ல, திரையில நிக்கிற சிவப்பு வெள்ளை வட்டம்) அங்க கொண்டு போய், ஒரிஜினைக் கேர்சருக்கு வையுங்கோ. ரொட்டேஷன் மோட் எக்ஸ் வை ஸெட் ஒயிலர்ல இருக்கட்டும், குவாட்டர்னியன் எண்ட மற்ற மோடுக்கு 3600 பாகை எண்டா என்னெண்டே தெரியாது, அது கிட்டின பாதையால போய் முடிச்சிடும்.

அந்தத் தயக்கம் ஏன் எண்டா, ஐ கீ அமத்தி 0 பாகைக்கு ஒண்டு 360க்கு ஒண்டு எண்டு கீஃபிரேம் (இந்த ஃபிரேமில இந்த அளவு எண்ட குறி) வைக்கேக்க பிளெண்டர் தானாவே பெசியர் போட்டுடும், மெதுவாத் தொடங்கி மெதுவா முடியும். கிராஃப் எடிட்டருக்குள்ள போய் ரீ கீ அமத்தி (தேத்தண்ணி ரீ இல்ல, எழுத்து ரீ) லீனியர் (ஒரே வேகம்) எண்டு மாத்தி, பிறகு ஷிஃப்டோட ஈ அமத்தி லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன் குடுத்தா அது பாட்டுக்குச் சுத்திக்கொண்டே இருக்கும்.

சறுக்கிறது வேற கதை. 28 இஞ்சிச் சைக்கிள் சில்லு ஒரு முழுச் சுத்துக்குக் கிட்டத்தட்ட 2.2 மீற்றர் போகும், அப்ப 22 மீற்றர் போற சைக்கிளுக்கு 10 சுத்து, அதைக் கையால வைக்கிறது விசர் வேலை. சைக்கிள் எக்ஸ் அச்சில போகுதெண்டா அந்த லொக்கேஷனில ரைட் கிளிக் பண்ணி கொப்பி ஆஸ் நியூ டிரைவர் (ஒரு அளவை வைச்சு இன்னொண்டைத் தானா மாத்துறதுதான் டிரைவர்) எடுத்து, சில்லின்ர வை ரொட்டேஷனில ஒட்டுங்கோ, எக்ஸ்பிரஷன்ல அதை 0.355ஆல பிரியுங்கோ. அது ஆரை மீற்றரில. டிரைவர் ரேடியன்லதான் (தூரத்தை ஆரையால பிரிச்சா வாற கோண அளவு) யோசிக்கும் எண்டதால பாகைக்கு மாத்தத் தேவையில்ல. நேர் றோட்டுக்கு மட்டும்தான் இது, வளைவு வந்தா சரிவராது.

இனி ஃபான். சுத்தவைக்கிறது ஆராலயும் ஏலும், நிப்பாட்டுறதிலதான் விசயம். எங்கட பக்கத்து ஆக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்ல, கறண்ட் போனவுடன படுத்துக் கிடந்து மேல பாத்துக்கொண்டு இருந்த அனுபவம் எல்லாருக்கும் கிடக்கு. முதல் கொஞ்ச நேரத்தில வேகம் மளமளெண்டு விழும், ஏனெண்டா வேகமாச் சுத்தேக்கதான் காத்து கூடப் பிடிக்கும், பிறகு மெதுவா மெதுவா இழுத்துக்கொண்டு போய் நிக்கும். அதைக் கணக்கில சொல்லுறன். ஒரு ஃபிரேமுக்கு 40 பாகை எண்டு வைச்சா, 1வது ஃபிரேமில 0, 121வதில 4800, அதுவரைக்கும் லீனியர். பிறகு 480 ஃபிரேமில, அதாவது செக்கனுக்கு 24 ஃபிரேம் கணக்கில 20 செக்கனில நிக்கோணும். நிக்காமப் போயிருந்தா 19200 பாகை சுத்தியிருக்கும், அதில மூண்டில ஒண்டு 6400, அதைக் கூட்டி 601வதில 11200 வையுங்கோ. 121வது கீயைச் செலக்ட் பண்ணி ரீ, கியூபிக், பிறகு கொன்ட்ரோலோட ஈ, ஈஸ் அவுட் (முடிவில மெதுவாகிறது). மூண்டில ஒண்டு வைச்சாத்தான் கோடு உடையாம லீனியரோட பொருந்தும், கூடக் குறைய வைச்சா அந்த இடத்தில ஃபான் திடுக்கிடும். சைக்கிளைக் கவிட்டு வைச்சுச் சில்லைச் சுண்டி விட்டா அது வேற மாதிரி, அதுக்குக் காத்தை விட பெயாரிங் உராய்வுதான் கூட, அப்ப பாதி, அதாவது 9600ஐக் கூட்டி 14400 வைச்சு குவாட்ராட்டிக் போடுங்கோ.

ஏன் 40? உண்மையான ஃபான் நிமிசத்துக்கு 300 சுத்து எண்டா 24 ஃபிரேமில ஃபிரேமுக்கு 75 பாகை வரும். மூண்டு செட்டை 120 பாகைக்கு ஒருக்கா ஒரே மாதிரித் தெரியும், அப்ப 60ஐத் தாண்டினா எங்கட கண் அடுத்த செட்டையைப் பிடிச்சுக்கொண்டு ஃபான் பின்பக்கமாச் சுத்துது எண்டு நினைக்கும். கொஞ்சம் பொய் சொல்லி வேகத்தைக் குறைச்சு, மோஷன் பிளரை (அசையிறதை மங்கலாக் காட்டுறது) போட்டு ஷட்டரை 0.5இல இருந்து 1க்குக் கிட்ட ஏத்தினா வேகம் உண்மையாத் தெரியும். ஃபானை ஒரு எம்ப்டியோட (படத்தில தெரியாத வெறும் ஒப்ஜெக்ட்) பேரன்ட் பண்ணி, அதாவது அதோட சேந்து அசையிற மாதிரிக் கட்டி, அந்த எம்ப்டிக்கு அரைப்பாகை கூட வராம நொய்ஸ் மொடிஃபையர் (ஒழுங்கில்லாத சின்ன ஆட்டம்) போட்டா எங்கட வீட்டுப் பழைய ஃபான் மாதிரியே தலையாட்டும்.

பம்பரத்துக்கு ரெண்டு எம்ப்டி வேணும், வெளிய ஒண்டு மெதுவா வட்டமடிக்கும், உள்ள ஒண்டு சரிவு, பம்பரம் தன்ர அச்சில சுத்தும். எல்லாத்தையும் ஒரே ஒப்ஜெக்டில போட்டா ரொட்டேஷன் ஒண்டுக்குள்ள ஒண்டு சிக்கீடும். வட்டமடிக்கிறது பம்பரம் சுத்துற பக்கமேதான். சுழற்சி குறையக் குறைய சரிவு கூடோணும், வட்டமடிக்கிறதும் வேகமாகோணும். கன பேர் எல்லாத்தையும் சேத்துக் குறைக்கினம், அதாலதான் அது பம்பரம் மாதிரி இல்லாம பற்றரி இறங்கின விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கிறது.

ரெண்டரை, அதாவது கடைசியா வெளிய எடுக்கிற படத்தை, மட்டும் நேரா வீடியோவா எடுக்காதேங்கோ. பிஎன்ஜி படங்களா எடுத்து, அவுட்புட்டில ஓவர்ரைட் டிக்கை எடுத்து விடுங்கோ. இரவு கறண்ட் போனா, விடிய எழும்பிக் கடைசியா அரைகுறையா நிக்கிற படத்தை மட்டும் அழிச்சுப்போட்டுத் திருப்பி ரெண்டர் குடுத்தா விட்ட இடத்தில இருந்து போகும்.