ஒப்பீடும் நன்றியுணர்வும்: நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில தவறுகள்

பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே மனநிறைவைக் கெடுக்கிறது என்று உணர்ந்தவர்கள், இனி யாரோடும் ஒப்பிடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொள்வது முதல் தவறு. திட்டவட்டமான அளவுகோல் இல்லாத இடங்களில் மனிதர்கள் தம் திறமையையும் கருத்துகளையும் பிறரை வைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் விளக்கினார். உயரத்தை அளக்க நாடா இருக்கிறது; பிள்ளையைச் சரியாக வளர்க்கிறோமா என்பதை அளக்க எதுவும் இல்லை. ஆகவே ஒப்பீடு வரத்தான் செய்யும். யாரோடு, எதை வைத்து என்பதில் மட்டுமே நமக்கு ஓரளவு பிடி உண்டு.

அந்தப் பிடியை நழுவவிடும் இடம், நூலிழையில் தவறிப்போன ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளின் காட்சிப் பதிவுகளை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் ஆகிய உளவியலாளர்கள் மூவர் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், போட்டி முடிந்த கணத்தில் வெள்ளி வென்றவர்களின் முகமலர்ச்சிக்குப் பார்வையாளர்கள் 10க்குச் சராசரியாக 4.8 அளித்தார்கள், வெண்கலம் வென்றவர்களுக்குக் கிடைத்ததோ 7.1. முன்னவர் கண்ணில் கைநழுவிய தங்கம் தெரிகிறது. பின்னவருக்கு, பதக்கமே இல்லாமல் திரும்பியிருக்கக்கூடிய நிலை தெரிகிறது. நம் வீடுகளில் இதே வேலையைப் பெற்றோர்கள் செய்கிறார்கள். பொதுத்தேர்வில் மாநில அளவிலான தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது. ஆனால் கணக்கில் 97 வாங்கி வந்த பெண்ணிடம் "அந்த மூணு மார்க் எங்கே போச்சு? பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்று கேட்பதை எந்த அரசாணையும் நிறுத்த முடியாது. அந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் கேட்டு வளரும் பிள்ளை, தான் பெற்றதைப் பார்க்கும் முன்பே விட்டதைத் தேடக் கற்றுக்கொள்கிறது.

அடுத்தவர் வாழ்வின் ஒரு துண்டை நம் முழு வாழ்வோடு நிறுத்துப் பார்ப்பது பலரும் அறிந்த தவறுதான். கிரகப்பிரவேசத்துக்குப் போனவர் கண்ணில் கிரானைட் தரையும் மாடுலர் கிச்சனும் படுகின்றன. 20 ஆண்டுகளுக்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணை படுவதில்லை.

அதிகம் பேசப்படாததும், என் பார்வையில் மிகப் பெரியதுமான தவறு வேறு. மேலே பார்த்து வருந்துகிறவரிடம், "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார், அப்போதுதான் உன் அருமை உனக்குத் தெரியும்" என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறோம். மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்த மாலையில் இது கொஞ்சம் பலிக்கவும் செய்யும். எனினும் ஒப்பீடு அங்கே நிற்கவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. பிறரின் குறையை ஆதாரமாகக் கொண்ட நிம்மதி, அவர்கள் நிலை உயர்ந்த அன்றே ஆட்டம் காணும். நேற்றுவரை கைமாற்றுக்கு வந்துகொண்டிருந்த உறவினர் கார் வாங்கியதும் சிலருக்கு ஏற்படும் இனம்புரியாத எரிச்சல் அந்த வகையைச் சேர்ந்தது.

நன்றியுணர்வும் இந்த ஆறுதலும் ஒன்றல்ல என்பதற்கு உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லா ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. அதன் ஒரு பகுதியில், ஒரு குழுவினர் தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்களையும், இன்னொரு குழுவினர் அன்றாடத் தொல்லைகளையும், மூன்றாவது குழுவினர் தாங்கள் பிறரைவிட எவ்வகையில் நல்ல நிலையில் இருக்கிறோம் என்பதையும் நாள்தோறும் எழுதிவந்தார்கள். மற்ற இரு குழுவினரையும்விட, நன்றியை எழுதியவர்களே பிறர் சிக்கலில் உதவியதாகவும் ஆறுதல் அளித்ததாகவும் அதிகம் தெரிவித்தார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதே. "அவனுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது" என்ற வாக்கியத்தில் கொடுத்தவர் என்று எவரும் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக்கொண்டு வந்த மாடிவீட்டு அக்காவை நினைக்கும்போது கொடுத்தவர் கண்முன் வருகிறார். அவருக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. எனவே நன்றியை எழுதிப் பழக விரும்புகிறவர்கள், "வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது" என்று இருப்பைக் கணக்கெடுப்பதைவிட, எது யாரால் வந்தது என்று எழுதுவது நல்லது.

கடைசியாக, நியாயமான குறையை நன்றியின் பெயரால் வாயடைக்கும் தவறு. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு, சக ஊழியர்களின் சம்பளத்தை இணையத்தில் பார்க்கலாம் என்று தெரிவித்து நடத்தப்பட்ட ஆய்வு 2012இல் வெளியானது. தம் பிரிவின் இடைநிலைச் சம்பளத்துக்கு (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) கீழே இருந்தவர்களின் மனநிறைவு குறைந்தது; மேலே இருந்தவர்களுக்கு அதனால் மகிழ்ச்சி கூடவில்லை. இதைக் காட்டி, சம்பளத்தை ஒப்பிடவே கூடாது என்று சிலர் முடிவுகட்டலாம். ஆனால் ஒரே வேலையை ஒரே அனுபவத்தோடு செய்யும் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கப்படுகிறது என்பது ஒப்பிட்டால்தான் தெரியவரும். அவரிடம் "வேலை இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள்" என்பது அறிவுரை ஆகாது; அவர் சம்பள விவரத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேசப் போவதே சரி.