‘டேர்’ (dare) என்ற ஆங்கில வினையை எப்படிப் பயன்படுத்துவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வுக்கான கட்டுரைப் பயிற்சிகளில் அடிக்கடி கண்ணில் படுவது ‘ஐ நாட் டேர் டு ஆஸ்க்’. மலாய் மொழியில் ‘தாக் பெரானி’ (துணிவில்லை) என்று நாள் முழுக்கப் பேசுகிறோம், அது அப்படியே ஆங்கிலத்துக்கு வந்துவிடுகிறது. நம்மூர்ப் பேச்சில் புரியும். பரீட்சைத் தாளில் புள்ளி போய்விடும்.

டேர் என்றால் துணிவது. பயமோ எதிர்ப்போ இருந்தும் செய்ய முன்வருவது. கடைக்குப் போவதற்கு இந்தச் சொல் வேண்டியதில்லை. சம்பளக் கணக்கில் பிசகு இருக்கிறது என்று கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) நேரில் சொல்வதற்கு வேண்டும்.

முதலில் இதைச் சாதாரண வினையாகவே பழகுங்கள்: ‘ஷி டேர்ஸ் டு ஆஸ்க்’, ‘ஷி டேர்ட் டு ஆஸ்க்’. மறுக்கும்போது டூ, டஸ், டிட் துணைக்கு வரவேண்டும்: ‘ஐ டோன்ட் டேர் டு ஆஸ்க்’, ‘ஷி டிட்ன்ட் டேர் டு ஆஸ்க்’. டிட் வந்துவிட்டால் டேர்ட் வேண்டாம், வெறும் டேர் போதும். மறுப்பில் அந்த ‘டு’வை விட்டுவிட்டு ‘டிட்ன்ட் டேர் ஆஸ்க்’ என்றாலும் சரியே. இந்த ஒரு வழி கைவந்தால் பரீட்சைக்குத் தாராளமாகப் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. ‘கேன்’, ‘மஸ்ட்’ போலவே டேரும் துணைவினையாக நிற்கும். ‘ஹி டேர் நாட் ஸ்பீக்’, ‘டேர் வி ஆஸ்க்?’ இங்கே எஸ்ஸும் இல்லை, டுவும் இல்லை. மறுப்பிலும் கேள்வியிலும்தான் இது பெரும்பாலும் வரும். இரண்டையும் கலந்து ‘ஹி டேர்ஸ் நாட் டு ஸ்பீக்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்வது எங்கள் ஊர்க்காரர், மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் கதையைத்தான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டத்தையே வாங்கத் துணிந்தார்கள். ‘தே டேர்ட் டு பை தி எஸ்டேட்.’ இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளும் மறப்பதில்லை.

அப்புறம், ஆளைச் சேர்த்தால் பொருள் மாறும். ‘ஐ டேர் யூ டு ஜம்ப்’ என்றால் ‘தைரியம் இருந்தால் குதி பார்ப்போம்’ என்று சீண்டுவது. பிளஸ் ஆற்றங்கரையில் பையன்கள் ஒருவனை உசுப்பிவிடுவது இதுதான். ‘டோன்ட் யூ டேர்!’ என்பது அம்மா விரலை நீட்டிச் சொல்லும் ‘செஞ்சுதான் பாரேன்!’ ‘ஹவ் டேர் யூ!’ கடுங்கோபம், மேலதிகாரிக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் வேண்டவே வேண்டாம். ‘ஐ டேர் சே’ துணிச்சலைச் சொல்வதில்லை, ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற அனுமானம். பழைய பாணி, படிக்கும்போது புரிந்தால் போதும்.