சமூக அறிவியல் படிக்கப் பல்கலைக்கழகம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒப்பிடத் தொடங்கியதும் பலர் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். சறுக்கலும் அங்கேயே தொடங்குகிறது. கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை போன்ற பட்டியல்களில் கல்வியாளர்களிடம் உள்ள நற்பெயருக்கும், ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதற்கும் நிறைய மதிப்பெண். இளங்கலை மாணவருக்கு யார் பாடம் எடுக்கிறார், கட்டுரையைத் திருத்தித் தருகிறாரா என்பதெல்லாம் அதில் தெரியாது. முதல் வடிகட்டலுக்குப் பட்டியல் போதும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய தவறு, துறையின் பெயர் ஒன்றென்றால் படிப்பும் ஒன்று என்று நினைப்பது. மானிடவியலைப் பாருங்கள். அமெரிக்காவில் பல துறைகள் பண்பாட்டு மானிடவியல், தொல்லியல், மொழியியல், உயிரியல் மானிடவியல் ஆகிய நான்கையும் சேர்த்தே சொல்லித்தருகின்றன. பிரிட்டனில் பல இடங்களில் சமூக மானிடவியல் மட்டும் தனிப் பட்டம். புதைபடிவ எலும்புகளை ஆராயும் ஆசையோடு அங்கே சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

பொருளியலில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. ஓரிடத்தில் நுண்கணிதமும், பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் எகனாமெட்ரிக்ஸும் கட்டாயம். இன்னோரிடத்தில் கொள்கை, வரலாறு, கட்டுரைகள் என்று போகும். இரண்டும் நல்ல படிப்புகள்தான். ஆனால் பொருளியலில் முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்குக் கணிதம் குறைந்த படிப்பு பிறகு தடையாகும். அமெரிக்கா போகும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எந்தத் துறையில் படித்தாலும், படிப்பு முடிந்தபின் அது சார்ந்த வேலை செய்ய 12 மாதம் வரை அனுமதி கேட்கலாம். கூடுதலாக 24 மாதம் வேண்டுமென்றால் படிப்பு அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்க வேண்டும். 'எகனாமெட்ரிக்ஸ் மற்றும் அளவுசார் பொருளியல்' என்ற வகைப்பாடு அதில் இருக்கிறது. பொதுப் பொருளியல் இல்லை. விளம்பரக் கையேட்டில் இரண்டுமே 'எகனாமிக்ஸ்' என்றுதான் இருக்கலாம். அந்தப் படிப்பு அரசுப் பட்டியலின் எந்த வகைப்பாட்டு எண்ணில் வருகிறது என்று பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேளுங்கள்.

உளவியலில் கேட்க வேண்டியது அங்கீகாரம். பிரிட்டனில் தொழில்முறை உளவியலாளராகும் பாதைக்கு, பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த பட்டம் பெரும்பாலும் தேவைப்படும். வெறும் இளங்கலையோடு சிகிச்சை அளிக்கக் கிளம்பிவிடலாம் என்ற நினைப்பையும் சேரும் முன்பே விட்டுவிடுவது நல்லது.

சராசரிச் சம்பள அட்டவணைகள்? சட்டம், மேலாண்மை என்று மேலே படித்தவர்களின் வருமானமும் அதில் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

சரி, வேறு எதைத்தான் பார்ப்பது? ஆய்வு முறைப் பாடங்களை. சமூகவியலோ அரசியல் அறிவியலோ, புள்ளியியல் எத்தனை பருவம், களப்பணி உண்டா, இறுதியாண்டு ஆய்வேடு கட்டாயமா என்பதில்தான் படிப்பின் உண்மையான குணம் தெரியும். விருப்பப் பாடங்களின் நீண்ட பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். பேராசிரியர் விடுப்பில் போனால் அந்தப் பாடம் அந்த ஆண்டு நடக்காமலே போகலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் அவற்றில் எவை உண்மையில் நடந்தன என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.